ஓநாய்ச் சுவடு தேடி: ஒரு பனிக்காலப் பயணத்தின் ஆயத்தம்

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டமொன்றில் நிகழ்த்திய பேச்சின் எழுத்துருவம்)



நாங்கள் ஐவர், ஐவரும் சர்வகலாசாலையிற் பயிலும் மாணவர். வருகின்ற பெப்ரவரி மாதத்திலே சுவீடன் தேசஞ் சென்று, அங்கே வெர்ம்லாந்து என்னும் மாகாணத்துக் காடுகளில் ஓநாய்களின் அடிச்சுவட்டைத் தேடிக் குறிக்கும் பணியில் மூன்று வாரம் தொண்டர்களாக உழைக்க இருக்கிறோம். பிரயாணஞ் செய்து மீண்டவர்கள் மேடையேறிப் பேசுவது வழக்கம். போகுமுன்னரே பேசும்படி எங்களை ஏவியவர் நமது தலைவர். "போய்வந்தவன் கதை சொல்லுவான்; போகிறவன்தான் ஆயத்தத்தைச் சொல்லலாம். அது உங்களுக்குப் பின்னால் வரும் பிள்ளைகளுக்கு உதவும்" என்றார். அந்தச் சொல்லைத் தலைமேற்கொண்டு இங்கே நிற்கிறோம்.

இச்செய்தி ஊரிற் பரவிய நாள்முதல் மூன்று கேள்விகளுக்கு ஓயாமல் விடை சொல்லி வருகிறோம். முதலாவது, ஏன் ஓநாய், ஏன் பனிக்காலம் என்பது. இரண்டாவது, முப்பது பாகை வெயிலில் வளர்ந்த உடம்பு அந்தக் குளிரைத் தாங்குமா என்பது. மூன்றாவது, இதனால் யாருக்கு என்ன பயன் என்பது. எங்களுள் ஒருவருடைய ஆச்சி இம்மூன்றையும் ஒரே வாக்கியத்தில் அடக்கிக் கேட்டார்: "உந்தக் குளிருக்கை ஓநாயே வெளியிலை வராது; நீங்கள் ஏன் ராசா போறியள்?" ஆச்சியின் கேள்விக்கு விடையாகவே இப்பேச்சை அமைத்துக்கொள்கிறோம்.

ஓநாய் வெளியில் வரும் என்பதுதான் முதல் விடை. அதன் உரோமம் இரட்டை அடுக்குடையது. கடுங்குளிரிலும் அது வெண்பனியின்மேற் படுத்து உறங்கும். கரடியைப்போல் அது குளிர்காலம் முழுவதும் குகையில் முடங்குவதில்லை. நாள்தோறும் இரை தேடி நடக்கிறது. நடந்தால் நிலத்திலே எழுத்து விழுகிறது. கோடையிற் பாசியும் புதரும் அந்த எழுத்தை மறைத்துவிடும். குளிர்காலத்தில் நிலம் முழுவதும் வெள்ளைத் தாளாகிறது. அந்தத் தாளை வாசிக்கவே போகிறோம்.

இனி, அந்த நாட்டு ஓநாயின் வரலாற்றைச் சிறிது கூற வேண்டும். ஒரு காலத்தில் சுவீடன், நோர்வே ஆகிய இரு நாடுகளிலும் ஓநாய்கள் மலிந்திருந்தன. ஆட்டுக்கும் மாட்டுக்கும் பகையென்று தலைமுறை தலைமுறையாக அவற்றைக் கொன்றார்கள். கொன்றவர்க்கு அரசு பரிசும் கொடுத்தது. 1966ஆம் ஆண்டில் சுவீடன் அரசு ஓநாயைக் கொல்வது குற்றமெனச் சட்டமாக்கியபோது, காக்கப்படுவதற்கு விரல்விட்டு எண்ணத்தக்க சிலவே எஞ்சியிருந்தன. இனம் அற்றுப்போயிற்று என்றே பலரும் கருதினர். அப்படியிருக்க, 1983ஆம் ஆண்டிலே நாங்கள் செல்லவிருக்கும் வெர்ம்லாந்தின் வடபகுதியில், நோர்வே எல்லையருகே ஓர் ஓநாய்ச் சோடி குட்டிகளை ஈன்றது. அவை எங்கிருந்து வந்தன என்பது நெடுநாள் விவாதமாயிற்று. விலங்குக்காட்சிச்சாலையிலிருந்து யாரோ களவாக விட்டுவிட்டார்கள் என்று சொன்னவர்களும் உண்டு. பின்னர் மரபணுவை ஆராய்ந்த விஞ்ஞானிகள் விடை கண்டார்கள். பின்லாந்தும் ரஷ்யாவும் சேர்ந்த கிழக்குக் காடுகளிலிருந்து, நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் தூரத்தைக் கால்நடையாகக் கடந்து வந்தவையே அவை.

அதன்பின் நடந்தது இன்னும் கவனிக்கத்தக்கது. 1983 தொடக்கம் 1991 வரை அந்தக் கூட்டம் பெருகவில்லை. பத்துக்கும் குறைவாகவே நின்றது. எல்லாம் ஒரு குடும்பம். சோடி சேர்வதானால் உடன்பிறந்தவற்றோடுதான் சேர வேண்டிய நிலை. 1991இலே கிழக்கிலிருந்து மூன்றாவதாக ஓர் ஆண் ஓநாய் வந்து இனத்திற் கலந்தது. அன்றுமுதல் எண்ணிக்கை ஏறத் தொடங்கியது. இந்த உண்மையை 2003ஆம் ஆண்டில் வெளியான மரபணு ஆய்வு நிறுவிக் காட்டியது. இன்று அவ்விரு நாடுகளிலும் சில நூறு ஓநாய்கள் உள. ஆயினும் அவற்றில் மிகப் பெரும்பாலானவை அந்த ஒருசில முன்னோரின் வழித்தோன்றல்களே. சராசரியாக எந்த இரண்டை எடுத்தாலும் உடன்பிறந்தவை போன்ற நெருக்கமான உறவுடையன. ஆகவே கிழக்கிலிருந்து புதிதாக வரும் ஒவ்வோர் ஓநாயும் அந்த இனத்துக்குப் பெருஞ் செல்வம். அது வந்துவிட்டது என்பதை எப்படி அறிவது? எச்சத்தினால். பனியிற் கிடக்கும் ஒரு துண்டு எச்சத்தைப் பக்குவமாக எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பினால், அதை இட்டது இன்ன குடும்பத்து ஓநாய், அல்லது இதுவரை அறியாத புதிய ஓநாய் என்று சொல்லிவிடுகிறார்கள். குளிர் அந்த மரபணுவைக் கெடாமற் காக்கிறது. பனிக்காலத்தின் இரண்டாவது நன்மை இது.

நிற்க. சுவடு கண்டு எண்ணுவதன் முறை யாது என்று பார்ப்போம். பனியில் நூறு சுவடு கண்டால் நூறு விலங்கு என்று எண்ணுபவன் ஏமாந்துபோவான். ஒரே நரி ஒரே இரவில் ஒரே பாதையைப் பத்துமுறை கடக்கலாம். இதற்கு மறுதலையாக, ஐந்து ஓநாய்கள் ஒன்றன்பின் ஒன்றாய், முன்னது மிதித்த குழியிலேயே பின்னதும் மிதித்துச் சென்று, பார்ப்பவனுக்கு ஒரே ஓநாயாகத் தோன்றலாம். ஆழ்ந்த பனியில் வலுவை மிச்சப்படுத்த அவை செய்யும் உபாயம் அது. ஆகவே அச்சுவட்டைக் கிலோமீற்றர் கணக்கிற் பின்தொடர வேண்டும். ஒரு மரத்தைச் சுற்றுமிடத்தில், ஒரு வீதியைக் கடக்குமிடத்தில், இரை பிடிக்கப் பாயுமிடத்தில் கோடு பிரியும். அப்போதுதான் இரண்டா, ஐந்தா என்பது வெளிப்படும். பின்தொடர்வதிலும் ஒரு முறை உண்டு: ஓநாய் சென்ற திசையில் நாம் செல்வதில்லை, அது வந்த திசையிலே பின்னோக்கிச் செல்லுகிறோம். உயிருள்ள விலங்கைத் துரத்திக் களைக்கச் செய்யாமல் அதன் சரித்திரத்தை மட்டும் வாசிப்பதே நோக்கம். ஆகையால் மூன்று வாரமும் உழைத்து ஓர் ஓநாயையேனும் கண்ணாற் காணாமலே நாங்கள் திரும்பக்கூடும். அதற்கும் மனத்தை ஆயத்தஞ் செய்திருக்கிறோம்.

முயல், நரி, அணில் முதலியவற்றுக்கு வேறு கணக்கு இருக்கிறது. சோவியத் விலங்கியலாளர் பொர்மோசோவ் என்பவர் 1932இல் அதற்கொரு வழி காட்டினார். நேர்கோடாக ஒரு பாதையில் நடந்து, ஒரு நாளில் அதனைக் குறுக்கே கடந்த சுவடுகளை எண்ண வேண்டும். அந்த எண்ணை 1.57ஆற் பெருக்க வேண்டும். பாதையின் நீளத்தையும் அவ்விலங்கு ஒரு நாளில் நடக்கும் தூரத்தையும் தம்முட் பெருக்கி, அதனால் வகுக்க வேண்டும். வருவது ஒரு சதுரக் கிலோமீற்றரில் வாழும் விலங்கின் எண்ணிக்கை. 12 கிலோமீற்றர்ப் பாதையில் 20 சுவடு. விலங்கு நாளொன்றுக்கு 5 கிலோமீற்றர் நடக்கும் என்று கொண்டால், இரண்டு சதுரக் கிலோமீற்றருக்கு ஏறத்தாழ ஒன்று என்று விடை வரும். 1.57 என்பது எங்கிருந்து வந்தது என்று கணிதம் பயிலும் சகோதரர் கேட்பார். வட்டத்தின் சுற்றளவுக்கும் விட்டத்துக்கும் உள்ள விகிதத்தின் பாதி அது. விலங்கு எத்திசையிலும் செல்லலாம் என்பதற்காக இட்ட ஈடு. ஆனால் அவ்விலங்கு நடப்பது 5 கிலோமீற்றர் அன்று, இரண்டரையே என்றால் விடை இருமடங்காகிவிடும். கணக்குச் சரியாயிருந்தும் விடை பிழைக்கலாம் என்ற பாடத்தை இதிலிருந்து கற்றுக்கொண்டோம்.

அயல்நாடாகிய பின்லாந்திலே இதையே மிக ஒழுங்காகச் செய்து வருகிறார்கள். பக்கமொன்று 4 கிலோமீற்றராக, மொத்தம் 12 கிலோமீற்றர் சுற்றளவுள்ள முக்கோணங்களைக் காட்டுக்குள்ளே வகுத்திருக்கிறார்கள். புதுப்பனி விழுந்த மறுநாளோ, அல்லது முதல்நாள் சென்று பழைய சுவடுகளையெல்லாம் குறிவைத்து விலக்கிவிட்டோ, அந்தக் கோட்டில் நடந்து எண்ணுகிறார்கள். ஆண்டுதோறும் அதே கோடு; எண்ணுபவர்களிற் பெரும்பாலார் அவ்வூர் வேட்டைக்காரர்கள்; கூலி இல்லை. கல்விமான் ஒருவர் வந்து எண்ணுவதிலும், ஊரவர் நூற்றுக்கணக்கானோர் ஒரே முறையில் ஆண்டாண்டாக எண்ணுவதே மேல் என்பதற்கு அது தக்க சான்று.

இதுவரை கூறியது முதற் கேள்விக்கு விடை. இனி எங்கள் ஆயத்தத்துக்கு வருவோம். அதனைக் கண், கை, உடல், மனம் என்று நான்காக வகுத்துக்கொண்டோம்.

முதலாவது கண்ணின் பயிற்சி. வெண்பனியே இல்லாத நாட்டில் பனிச்சுவட்டை எவ்வாறு பயில்வது? எங்களுக்குக் கடற்கரை இருக்கிறது. குளத்துச் சேறு இருக்கிறது. ஓநாயின் சுவடு நாயின் சுவட்டைப் போன்றது. அங்குள்ள லிங்ஸ் என்னும் பெரிய காட்டுப்பூனையின் சுவடு வீட்டுப் பூனையின் சுவட்டைப் பெரிதாக்கினாற் போன்றது. ஆகவே விடியற்காலையில் ஈரமணலிலே ஊர் நாய்களையும் பூனைகளையும் தொடர்ந்து திரிகிறோம். நாய்க்கு நகம் பதியும். பூனை நகத்தை உள்ளிழுத்து நடப்பதால் பெரும்பாலும் பதியாது. நாயின் சுவடு நீள்வட்டம், பூனையினது வட்டம். லிங்ஸின் சுவடு 7, 8 சென்ரிமீற்றர் அகலத்தில் வட்டமாயிருக்கும். வளர்ந்த ஓநாயின் முன்காற் சுவடு 10 சென்ரிமீற்றர் வரை நீளும். நரியினது அதன் பாதியளவே. முயலின் பின்னங்காற் சுவடு முன்னங்காற் சுவட்டுக்கு முன்னே விழும். இதை அறியாதவன் முயல் போன திசைக்கு எதிர்த்திசையிற் போவான்.

ஓநாயையும் பெரிய நாயையும் ஒரு சுவட்டைக்கொண்டு பிரிக்கவே முடியாது என்பதும் தெரிந்துகொண்டோம். நடையைப் பார்க்க வேண்டும். நாய் அங்குமிங்கும் அலையும். மரத்துக்கு மரம் முகரும். வழிதவறி ஓடிப் பின் எசமானிடம் வரும். ஓநாய்க்குத் தூரம் அதிகம்; அதன் குடும்பமொன்றின் எல்லை அந்நாட்டில் ஏறத்தாழ 1,000 சதுரக் கிலோமீற்றர். யாழ்ப்பாணக் குடாநாட்டின் பரப்புக்கு ஏறத்தாழ ஒப்பான நிலம் ஒரு குடும்பத்துக்கு! ஆகவே அது நேர்கோடாகச் செல்லும். வெயில் பட்டு உருகிய சுவடு விரிந்துவிடும் என்பதும் நினைவிலிருக்க வேண்டியது. நண்பகல் வெயிலில் நரி ஓநாயாக வளர்வதுண்டு. சுவட்டின் ஓரம் கூராக இருக்கிறதா, மழுங்கியிருக்கிறதா, மேலே புதுப்பனி தூவியிருக்கிறதா என்று பார்த்து, எத்தனை மணி நேரத்துக்கு முந்தியது என்று சொல்லப் பழக வேண்டும். மணலிலே காற்றும் வெயிலும் செய்வதை மணிக்கொருமுறை சென்று பார்த்து எழுதி வருகிறோம். இத்துறையில் எங்களுக்கு முதலாசான், தன் வாழ்நாளை வன்னிக் காட்டிற் கழித்த முதியவர் ஒருவர். பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர். "சுவட்டைப் பார்க்காதை தம்பி, சுவடு விட்டவன் என்ன நினைச்சுப் போறான் எண்டு பார்" என்பது அவர் உபதேசம். எந்தப் புத்தகமும் எங்களுக்கு இதைவிடச் சுருக்கமாகச் சொல்லவில்லை.

இரண்டாவது கையின் பயிற்சி. குளிரிலே விரல் மரத்துவிட்டால் அறிவிருந்தும் பயனில்லை. பேனா மை உறைந்துவிடும். ஆகவே பென்சில் மட்டும். அதையும் கயிற்றாற் கட்டிக் கழுத்திலே மாட்ட வேண்டும். பனியில் விழுந்த பென்சில் கடலில் விழுந்த ஊசி. பற்றரி குளிரில் வலுவிழக்கும். அதனை உட்சட்டைப் பையில் உடம்புச் சூட்டில் வைத்திருந்து வேண்டும்போது எடுத்துப் பூட்ட வேண்டும். தண்ணீர்ப் போத்தலைத் தலைகீழாக வைக்க வேண்டும். பனிக்கட்டி மேற்பக்கத்தில் முதலில் உருவாவதால், நிமிர்த்தும்போது வாய் அடைபட்டிராது. எச்சத்தை வெறுங்கையாற் தொடலாகாது. நாடாப்புழுவின் முட்டை அதிலிருக்கலாம். இவற்றையெல்லாம் எழுதிவைத்தால் போதாது, செய்து பழக வேண்டும் என்று எண்ணி, மீன் பதப்படுத்தும் ஐஸ் தொழிற்சாலை ஒன்றின் குளிரறையிலே முதலாளியின் அனுமதியோடு சனிக்கிழமைதோறும் அரைமணி நேரம் நிற்கிறோம். கையுறையோடு முடிச்சுப் போடுதல், அளவுகோல் பிடித்தல், பையைத் திறந்து மூடுதல், படிவம் எழுதுதல் ஆகியன அங்கே நடக்கின்றன. தொழிலாளர் எங்களைப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரித்தவர்களே மெல்லிய கையுறையின்மேல் தடித்த கையுறை அணியும் வழியையும் காட்டித் தந்தார்கள்.

மூன்றாவது உடல். அம்மாகாணத்தில் பெப்ரவரி இரவுகளில் பூச்சியத்துக்குக் கீழே 10, 15 பாகை சாதாரணம். சில இரவுகள் இருபதையும் தாண்டும். மாதத் தொடக்கத்திற் பகல் எட்டு மணி நேரம் மாத்திரமே. உடம்பின் உட்சூடு 37 பாகையிலிருந்து 35க்குக் கீழே இறங்கினால் அது நோய். முதலில் நடுக்கம்; பின் நா குழறும், கை தடுமாறும், புத்தி மயங்கும். மயங்கியவனுக்குத் தான் மயங்கியது தெரியாது. ஆகவே எவரும் தனியே செல்லக்கூடாதென்பது முதல் விதி. இருவர் இருவராகச் சென்று, ஒருவர் மூக்கையும் கன்னத்தையும் மற்றவர் அடிக்கடி பார்த்துக்கொள்ள வேண்டும். வெள்ளையாக, மெழுகுபோல, உணர்ச்சியற்றுப் போயிருந்தால் அது உறைபுண்ணின் தொடக்கம். அதைப் பனியால் தேய்ப்பது முழுப் பிழை. உடம்புச் சூட்டால் மெல்ல இளக்க வேண்டும்.

உடுப்பு மூன்று அடுக்கு. தோலை ஒட்டிக் கம்பளி. அதன்மேல் சூட்டைப் பிடிக்கும் தடித்த ஆடை. எல்லாவற்றுக்கும் மேல் காற்றுப் புகாத சட்டை. நமக்கு உயிரான பருத்தி அங்கே பகை. பருத்தி வியர்வையைக் குடித்து ஈரமாகவே இருக்கும்; நீர், காற்றைவிட இருபது மடங்குக்கு மேலாக உடற்சூட்டைக் கடத்தும். குளிர்நாட்டில் ஆபத்து வியர்வைதான் என்று கேட்டபோது நாங்களே முதலில் நம்பவில்லை. ஏறும்போது ஓர் உடுப்பைக் கழற்றி, நிற்கும்போது அணிந்துகொள்பவனே அங்கே புத்திசாலி. சப்பாத்தும் இறுக்கமாயிருக்கலாகாது; இரண்டு மேசு போட்டபின்னும் விரல் அசைய வேண்டும்; இறுகினால் இரத்தம் ஓடாது, கால் உறையும். உறைந்த ஏரியின்மேல் நடக்க நேர்ந்தால், உறுதியான பனிக்கட்டி 10 சென்ரிமீற்றராவது இருக்க வேண்டும். வழிகாட்டி அளந்து பார்க்குமுன் கால் வைப்பதில்லை. தவறி விழுந்தால் பற்றி ஏற, கூரிய முனையுள்ள இரு கைப்பிடிகளைக் கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும். ஓநாய் கடிக்குமா என்று எங்கள் தாய்மார் அஞ்சுகிறார்கள். காட்டு ஓநாய் மனிதரின் மணம் பட்டாலே விலகுவது இயல்பு. அம்மாமாரே, அஞ்சுவதானால் ஏரிக்கும் ஈரத்துக்கும் அஞ்சுங்கள், ஓநாய்க்கு வேண்டாம்.

உணவைப் பற்றியும் ஒரு சொல். குளிரில் நடப்பவனுக்கு உணவு அதிகம் வேண்டும். எங்களில் இருவர் சைவ உணவு உண்பவர். அவர்களுக்கென்று ஓட்ஸ் கஞ்சி, பருப்பு, பாற்கட்டி முதலியன அங்கேயே கிடைக்கும். சட்டைப்பையில் வைத்து நடந்தபடி உண்ண, நம் வீட்டு எள்ளுருண்டையைவிடச் சிறந்தது எதுவும் எங்களுக்குத் தோன்றவில்லை. எண்ணெயும் வெல்லமும் சேர்ந்தது. நீர் குறைவு, ஆகவே கல்லாய் உறையாது. குளிருடுப்பு வாங்கப் பணமில்லை என்று கலங்கினோம். நோர்வேயிலும் சுவிற்சர்லாந்திலும் வாழும் உறவினர்கள் தம் பிள்ளைகள் வளர்ந்து கழித்த உடுப்புகளை அனுப்பி உதவினார்கள். பிரயாணச் செலவின் பெரும்பகுதியை ஓராண்டாகப் பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லிக்கொடுத்து நாங்களே சேர்த்தோம்.

நான்காவது ஆயத்தம் மனத்தினது. சபையோரே, எங்களுக்கு மிகக் கடினமாயிருப்பது இதுவே.

அந்நாட்டில் ஓநாயை எண்ணுவது வெறும் பொழுதுபோக்கன்று. 2010ஆம் ஆண்டு ஜனவரியில், நாலு தசாப்தங்களுக்கு மேலாக இல்லாதிருந்த அனுமதி வேட்டையை சுவீடன் அரசு மீண்டும் தொடங்கியது; அவ்வாண்டு 27 ஓநாய்களைச் சுட அனுமதி கொடுத்தது. பின் வந்த ஆண்டுகளிலும் வேட்டையும் அதன்மேல் வழக்கும் மாறிமாறி நடந்திருக்கின்றன. எத்தனை சுடலாம், எங்கே சுடலாம் என்பதைத் தீர்மானிப்பது எண்ணிக்கை. எண்ணிக்கையைத் தருவது சுவடும் எச்சமும். ஆட்டைப் பறிகொடுத்தவன் ஓநாய் மிகுதி என்கிறான். எல்க் என்னும் பெருமானை வேட்டையாடப் போனவன், தான் வளர்த்த நாயை ஓநாய் கொன்றதென்று கண்ணீர் விடுகிறான். காட்டை நேசிப்பவன் ஓநாய் குறைவு என்கிறான். இவர்கள் எல்லோருக்கும் நடுவே, பனியில் குனிந்து நிற்கும் தொண்டன் தன் படிவத்தில் எழுதுவதுதான் சாட்சி. நாயின் சுவட்டை ஓநாய் என்று எழுதினால், இல்லாத ஓநாய் ஒன்று ஏட்டிலே உலவும். அதைக் கணக்கிற் சேர்த்து இருக்கும் ஓநாயைச் சுடுவார்கள். கிழக்கிலிருந்து வந்த புதிய ஓநாயின் எச்சத்தைக் குளிருக்குப் பயந்து எடுக்காமல் விட்டால், தவிர்க்க வேண்டிய இடத்திலேயே வேட்டைக்கு அனுமதி கிடைத்துவிடலாம். ஓநாய்மேல் அன்பினால் இரண்டை மூன்றென்று எழுதுவதும், அலுப்பினால் மூன்றை இரண்டென்று எழுதுவதும் ஒரே குற்றம்.

ஆகவே எங்களுக்குள் ஒரு விதி செய்துகொண்டோம். தெரியாததைத் "தெரியாது" என்று எழுதுவது. நாள்முழுதும் பனியில் நடந்து, மாலையில் "ஐயத்துக்குரியது" என்ற ஒரு சொல்லோடு திரும்புவதற்கு வெட்கப்படாமலிருப்பது. ஏட்டுச்சுவடிகளைத் தேடிப் பதிப்பித்த சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்களை நாமெல்லோரும் அறிவோம். செல்லரித்த ஏட்டிலே எழுத்து இல்லாத இடத்தில் தன் எழுத்தை இட்டு நிரப்பாதிருப்பது பதிப்பாசிரியனின் நெறி. சுவடி பார்ப்பவனுக்குள்ள அந்நெறி சுவடு பார்ப்பவனுக்கும் உரியது.

மனத்தின் ஆயத்தத்தில் இன்னொன்று, நாவை அடக்குதல். விருந்தினராகச் செல்லும் நாங்கள் அந்நாட்டு விவசாயிக்கு ஓநாயை நேசிக்கப் போதிக்க மாட்டோம். யானை ஓர் இரவில் மிதித்த வயலின் நடுவே தலையிற் கைவைத்து நிற்கும் நம்முடைய கமக்காரனிடம், எங்கிருந்தோ வந்த ஓர் இளைஞன் யானையின் அருமை பெருமையைப் பேசினால் அவனுக்கு எப்படியிருக்கும்? அதை நாம் அறிவோம். ஆகவே கேட்டுத் தெரிந்துகொள்வோம், அளந்ததைச் சொல்வோம், தீர்ப்பு அந்நாட்டு மக்களுடையது.

மூன்றாவது கேள்வி எஞ்சி நிற்கிறது. "இந்தப் பணத்துக்கு நம் காட்டிலேயே ஏதேனும் செய்யலாமே" என்று அறிஞர் சிலர் கேட்டார்கள். கேள்வி நியாயமானது; மழுப்பாமல் விடை சொல்வது எங்கள் கடமை. ஐந்துபேர் மூன்று வாரத்தில் சுவீடன் ஓநாயைக் காப்பாற்றிவிடப் போவதில்லை. நாங்கள் இல்லாவிடினும் அவ்வேலை நடக்கும். ஆனால் வேட்டைக்காரனும் விவசாயியும் விஞ்ஞானியும் ஒருவரையொருவர் விரும்பாவிட்டாலும் ஒரே கோட்டில் நடந்து ஒரே முறையில் எண்ணும் ஒழுங்கை, வேலை செய்துதான் கற்கலாம். புத்தகத்திற் கற்க முடியாது. இந்த ஒழுங்கு நமக்கு வேண்டாமா? நமது சிறுத்தையைப் புள்ளி கண்டு அடையாளங் காண்கிறார்கள். காட்டில் வைத்த கமராக்கள் அதற்கு உதவுகின்றன. ஆயினும் நம் ஊர்ப்புறத்துக் குளக்கட்டில் என்ன விலங்கு எத்தனை முறை வந்துபோகிறது என்பதை, அந்த ஊரவரே ஆண்டாண்டாக ஒரே முறையில் எழுதிவைத்தால் எவ்வளவு பயன்! பனி இல்லாவிட்டால் என்ன? கோடையில் குளம் வற்றும்போது நமக்கும் ஓர் ஏடு விரிகிறது. அதன் சேற்றில் எழுத்து விழுகிறது. வாசிப்பாரில்லை.

ஆகவே இச்சங்கத்தின் இளைஞர்களிடம் ஒரு வேண்டுகோள். நாங்கள் ஐவரும் மீண்டபின், வருகிற கோடையில் குளமொன்றைத் தெரிந்து, அதன் கரையில் ஒரு கோடு வகுத்து, வாரம் ஒருமுறை சுவடு எண்ணும் வேலையைத் தொடங்க எண்ணியுள்ளோம். அதற்கு இருபது பேர் வேண்டும். அளவுகோல், பென்சில், கொப்பி போதும். விடியற்காலையில் எழும்ப வேண்டும். அறியாததை அறியேன் என்று எழுதத் துணிவு வேண்டும். வேறு தகுதி எதுவும் வேண்டியதில்லை. பெயர் தர விரும்புவோர் கூட்டம் முடிந்தபின் செயலாளரிடம் கொடுக்கலாம். பெண்பிள்ளைகளும் வரலாம், செல்லும் ஐவருள் இருவர் பெண்களே.

உங்கள் ஆசியோடு போய்வருகிறோம்.